மோட்டாரைக் கழற்றினால் காற்று தெரியுமா?

இக்கட்டுரையை மேலே படிக்குமுன் ஒரு பென்சிலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுக்குச் சரியென்று படும் விடையின் எண்ணை இப்பக்கத்தின் ஓரத்தில் குறித்துவிட்டுத்தான் அடுத்த பத்திக்குச் செல்ல வேண்டும். தவறாகக் குறித்தால் மதிப்பெண்ணைக் குறைக்க இங்கே யாருமில்லை.

ஒரு தோட்டத்துக் கிணற்றில் தரைமட்டத்திலிருந்து 40 அடி ஆழத்தில் நீர் நிற்கிறது. கிணற்று மேட்டில் 5 குதிரைத்திறன் உள்ள சாதாரண மோட்டார் பம்பு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. உறிஞ்சு குழாய் நீருக்குள் இறங்கியிருக்கிறது. அதன் அடியிலுள்ள புட்வால்வு பழுதில்லாமல் இருக்கிறது. குழாயில் எங்கும் காற்று புக வழியில்லை. குழாய் நிறைய நீரும் ஊற்றியாகிவிட்டது. விசையைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது. நீர் மட்டும் வரவில்லை. இனி என்ன செய்யலாம்?

1. 10 குதிரைத்திறன் மோட்டாரும் அதற்கேற்ற பம்பும் வைத்தால் நீர் வரும்.
2. குழாயைக் குறுகலானதாக மாற்றினால் வரும்.
3. இவ்விரண்டில் எதைச் செய்தாலும் வராது.

குறித்துவிட்டீர்களா? நல்லது.

கோவை வட்டாரக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு இயற்பியல் மாணவர்களிடம் இக்கேள்வியை நான் ஆண்டுதோறும் கேட்பதுண்டு. வாயால் விடை சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. ஒன்று, இரண்டு, மூன்று என விரல்களை மார்போடு ஒட்டிக் காட்ட வேண்டும். அப்போது பக்கத்திலிருப்பவர் என்ன காட்டுகிறார் என்று பார்த்துக் காட்ட முடியாது. ஆசிரியருக்கு மட்டும் எல்லாம் தெரியும். வகுப்பில் பெரும்பாலும் ஒற்றை விரல்கள்தாம் தெரியும். உடனே நான் விடையைச் சொல்லிவிடுவதில்லை. வேறு விடை காட்டிய ஒருவரைத் தேடிப் பிடித்து, உங்கள் விடையே சரி என்று அவரை ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள் என்பேன். அடுத்த நொடியில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். அந்த இரைச்சலுக்குள் காதைக் கொடுத்தால் இப்படிக் கேட்கும்:

"அஞ்சு எச்.பி.க்குப் பவர் பத்தலைடா. எங்க பெரியப்பா தோட்டத்துல பத்து எச்.பி. போட்டு எரநூறு அடியில இருந்து எடுக்கறாங்க."

"அது போர்ல எறக்குன சப்மர்சிபிள். மோட்டாரே தண்ணிக்குள்ள கெடக்குது. இது மேல இருக்குதே!"

"மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? மோட்டாரு மோட்டாருதானே?"

இந்த இடத்தில் யாராவது ஒரு மாணவி எழுந்து, "எங்க கெணத்துல கோடையில தண்ணி எறங்க எறங்க மோட்டாரையும் உள்ள மேடை கட்டிக் கீழ எறக்கி வெப்பாங்க சார். எதுக்குன்னு கேட்டா, அப்பிடி வெச்சாத்தான் எடுக்கும்னு எங்கப்பா சொல்லுவாருங்க" என்பாள். அந்த 'எதுக்கு' என்ற இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

விடை மூன்றாவது. 10 அல்ல, 100 குதிரைத்திறன் மோட்டார் வைத்தாலும் தரைமேல் இருக்கும் பம்பினால் 40 அடியிலிருந்து நீரை உறிஞ்ச முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

இழுப்பது யார்?

'பம்பு நீரை இழுக்கிறது' என்று நாம் பேச்சில் சொல்கிறோம். கவலை இறைத்த காலத்தில் அது உண்மையாகவே இழுப்புதான். மாடுகள் பின்னும் முன்னும் நடக்க, கயிறு தண்ணீர்ச் சாலினை மேலே இழுத்தது. கயிறும் மாடும் தாங்கும் வரை எத்தனை அடி ஆழத்திலிருந்தும் இறைக்கலாம். ஆனால் நீர் என்ன கயிறா, முனையைப் பிடித்து இழுக்க?

பம்புக்குள் சுழலும் இம்பெல்லர், தன் நடுவில் உள்ள நீரை விளிம்பை நோக்கி வீசி எறிகிறது. அதனால் நடுவில் அழுத்தம் குறைகிறது. பம்பு உறிஞ்சு பக்கத்தில் செய்யும் வேலை இவ்வளவுதான். கிணற்று நீரின் பரப்பை வெளிக்காற்று அழுத்திக்கொண்டே இருக்கிறது. குழாயின் மேல்முனையில் அழுத்தம் குறைந்ததும், அந்தக் காற்றுதான் நீரைக் குழாய்க்குள் மேல்நோக்கித் தள்ளுகிறது. இளநீரில் குழல் வைத்துக் குடிக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. நம் வாய் குழலுக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. தள்ளி ஏற்றும் வேலையைச் செய்வது காற்று.

காற்று எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும்? கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ. பரப்பின் மீது காற்று ஏறத்தாழ 1 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் அழுத்துகிறது. ஒரு சதுர செ.மீ. குறுக்குப் பரப்பும் 10 மீட்டர் உயரமும் உள்ள நீர்த் தம்பத்தைக் கற்பனை செய்யுங்கள். அதன் கனஅளவு 1,000 கன செ.மீ., எடை 1 கிலோகிராம். ஆகவே காற்று தாங்கக்கூடிய நீர்த் தம்பம் 10 மீட்டருக்குச் சற்றே மேல். துல்லியமாகச் சொன்னால் 10.3 மீட்டர், அதாவது 34 அடி. பம்பு தன் நடுவில் அழுத்தத்தைச் சுழியமாகவே ஆக்கிவிட்டாலும் அதற்கு மேல் நீர் ஏறாது. சுழியத்துக்குக் கீழே கொண்டுபோய் மேலும் ஏற்றலாமே என்றால், காற்றின் அழுத்தம் குறைந்து குறைந்து இல்லாமற் போகலாமேயன்றி, அதற்கும் கீழே போக இடமில்லை. மோட்டாரின் திறன் இக்கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். குழாயின் அகலமும் வரவில்லை. குழாயைக் குறுக்கினால் உராய்வு கூடித் தொல்லைதான் மிகும்.

நடைமுறையில் 34 அடியும் கிடைப்பதில்லை. அழுத்தம் மிகக் குறைந்த இடத்தில் நீரே ஆவியாகத் தொடங்கிவிடும். குழாயிலும் வளைவுகளிலும் உராய்வு உண்டு. அதனால்தான் நீர்மட்டத்திலிருந்து 20 அல்லது 25 அடிக்குள் பம்பை வைக்கச் சொல்கிறார்கள். கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரை இறக்கும் தகப்பனார் இக்கணக்கைப் போட்டதில்லை. ஆனால் கணக்கு சொல்வதையே செய்கிறார். சப்மர்சிபிள் பம்போ நீருக்குள் மூழ்கியிருந்து கீழிருந்து மேலே தள்ளுகிறது. தள்ளுவதற்கு இந்த எல்லை கிடையாது. அங்கே மோட்டாரின் திறன் கணக்கில் வரும். ஆகவே பெரியப்பா தோட்டத்துச் சான்று உண்மைதான். அது வேறு கேள்விக்கான சான்று.

இக்கேள்வியில் தவறிய மாணவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. கலிலியோ தம் 1638ஆம் ஆண்டு நூலில் இந்த எல்லையைக் குறிப்பிடுகிறார். மிக நீண்ட கயிறு தன் எடையாலேயே அறுந்துவிடுவதுபோல, நீர்த் தம்பமும் தன் எடை தாங்காமல் அறுந்துவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். காற்றின் பங்கை அவர் காணவில்லை. அவர் வழிவந்த டாரிசெல்லிதான் 1643இல், நீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தைக் கொண்டு 76 செ.மீ. தம்பத்தைக் காட்டி, தாங்குவது காற்றே என்றார். 1648இல் பிரான்சில் பாஸ்கலின் ஏற்பாட்டின்படி அவருடைய மைத்துனர் பெரியே அத்தகைய குழாயை ஒரு மலைமீது எடுத்துச் சென்றபோது பாதரசம் இறங்கியது.

வகுப்பில் அடுத்த கேள்வி இங்கிருந்துதான் பிறக்கும். கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில். அங்கே இந்த எல்லை என்னவாகும்? கோவையில் காற்று தாங்கும் நீர்த் தம்பம் சுமார் 9.8 மீட்டர், உதகையில் சுமார் 7.9 மீட்டர். இங்கே நன்கு ஓடிய பம்பை அப்படியே மேலே கொண்டுபோய்ப் பொருத்தினால், ஏறத்தாழ ஆறடி குறைவான ஆழத்திலிருந்துதான் எடுக்கும். பம்பு அதேதான், மோட்டாரும் அதேதான். காற்று மட்டும் இளைத்துவிட்டது.

ஹார்வர்டு மாணவரின் ஐயம்

நாம் இப்போது செய்ததைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். முதலில் ஒரு கேள்வி, விடையைத் தெரிந்துகொள்ளும் முன்னரே ஒரு பக்கம் சாய்தல், எதிர்ப்பக்கத்துடன் வாதம், பிறகுதான் விளக்கம். இம்முறைக்கு உலகப் பல்கலைக்கழகங்களில் இன்று நல்ல பெயர் இருக்கிறது. அது வந்த கதை சுவையானது.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஹலூன், ஹெஸ்டினீஸ் என்ற இருவர் 1985இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களிடம் விசை, இயக்கம் பற்றிச் சூத்திரமே தேவைப்படாத எளிய கேள்விகளைக் கேட்டார்கள். ஒரு பருவம் முழுதும் இயற்பியல் படித்த பின்னும் மாணவர்களின் பழைய எண்ணங்கள் பெரும்பாலும் அசையவே இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துவந்த எரிக் மேசர் இதை 1990இல் படித்தார். தம் மாணவர்களிடம் இப்படியெல்லாம் இருக்காது என்றே எண்ணி அதே சோதனையை அவர்களுக்கும் வைத்தார். ஒரு பெரிய லாரியும் ஒரு சிறு காரும் மோதிக்கொண்டால் எது எதன்மீது அதிக விசையைச் செலுத்தும் என்பது போன்ற கேள்விகள். அப்போது ஒரு மாணவர், இவற்றுக்கு நீங்கள் கற்பித்தபடி விடை எழுதவா, அல்லது நான் வழக்கமாக எண்ணுகிறபடி எழுதவா என்று கேட்டாராம்.

இதைவிடக் கூர்மையான விமரிசனத்தை எந்தக் கல்விக் குழுவும் எழுதியதில்லை என்பது என் கருத்து. அந்த மாணவரின் மூளையில் இரண்டு அறைகள் இருந்திருக்கின்றன. ஒன்றில் தேர்வுக்கான நியூட்டன். மற்றொன்றில் தெருவில் பார்த்த லாரி. இரண்டுக்கும் நடுவே கதவில்லை. லாரி காரின்மீது செலுத்தும் விசையும் கார் லாரியின்மீது செலுத்தும் விசையும் சமம் என்பதே சரியான விடை. நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிப்பவர்களில் பலரே இதை நம்ப மறுக்கிறார்கள். கார் நசுங்குகிறதே என்பார்கள். விசை சமம், ஆனால் காரின் நிறை குறைவு, ஆகவே முடுக்கம் அதிகம், சேதமும் அதிகம் என்று ஒரு நண்பன் சொல்லும்போதுதான் கதவு திறக்கிறது.

மேசர் ஒரு கேள்வியைத் தாமே இருமுறை விளக்கிப் பார்த்தார். மாணவர் முகங்களில் தெளிவில்லை. வேறு வழியின்றி, உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். சில நிமிடங்களில் அவர்களே விடையைக் கண்டுவிட்டார்கள். 1991 முதல் இதையே முறையாக வகுத்துக்கொண்டார். காரணம் எளிது. சற்றுமுன் புரிந்துகொண்டவனுக்கு, எந்த இடத்தில் கால் இடறியது என்பது இன்னும் நினைவிருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் புரிந்துகொண்ட ஆசிரியருக்கு அது மறந்துபோயிருக்கும்.

இது வெறும் உற்சாகமா, அளந்து பார்த்த உண்மையா? ரிச்சர்டு ஹேக் என்ற இயற்பியலாளர் 1998இல் 62 பாட வகுப்புகளில் படித்த 6,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்களைத் தொகுத்தார். அவர் அளந்த முறையைப் புரிந்துகொள்வது நல்லது. பாடத்துக்கு முன் ஒரு மாணவர் நூற்றுக்கு 40 வாங்கினார் என்று கொள்வோம். அவர் இனி பெறக்கூடியது 60. பாடம் முடிந்தபின் 55 வாங்கினால், பெறக்கூடிய 60இல் 15ஐப் பெற்றிருக்கிறார். அதாவது கால் பங்கு. ஆசிரியர் மட்டும் பேசிய வகுப்புகளில் இப்பங்கு சராசரி 23 விழுக்காடு. மாணவர்கள் பேசி, செய்து, வாதிட்ட வகுப்புகளில் 48 விழுக்காடு. இரண்டு மடங்குக்கும் மேல். பிறகு 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை வகுப்புகளில் தோல்வியுற்றோர் சுமார் 34 விழுக்காடு, மற்ற வகுப்புகளில் சுமார் 22 விழுக்காடு எனத் தெரிந்தது. நம் ஊரில் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு அந்த 12 விழுக்காட்டின் பொருள் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

கல்லூரி இல்லாத கல்லூரி நிறுத்தம்

மேல்நாட்டுக் கதை போதும். கோவை அவிநாசி சாலையில் பேருந்தில் போகிறவர்கள் பீளமேட்டைத் தாண்டியதும் 'ஹோப் காலேஜ்' என்ற நிறுத்தத்தின் பெயரைக் கேட்டிருப்பார்கள். அங்கே இறங்கி அப்பெயருள்ள கல்லூரியைத் தேடினால் கிடைக்காது. கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று இவ்வூரில் எழுந்த ஒரு குரலின் மிச்சம் அந்தப் பெயர்.

1945இல் ஜி. டி. நாயுடு அவர்களின் முயற்சியாலும் நன்கொடையாலும் இங்கே ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. கல்லூரியின் முதல்வராக நாயுடு அவர்களே இருந்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர் ஒரு பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! அவர் இயந்திரங்களைக் கற்றது ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து. அதை விலைக்கு வாங்குவதற்காகவே உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கியதும் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டத் தொடங்கியவர், 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டாரை உருவாக்கினார்.

அப்படிப்பட்டவருக்கு நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலவிரயமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. இரண்டு ஆண்டுகளே போதும் என்றார். ஆங்கில அரசு ஒப்பவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார். கல்லூரி பின்னர் இடம் மாறி, பெயரும் மாறி, இன்று தடாகம் சாலையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. நான்கு ஆண்டுகள் நான்கு ஆண்டுகளாகவே இருக்கின்றன.

நாயுடு சொன்னதில் எது சரி? கையால் தொடாத பொறியியல் கல்வி பாதிக் கல்விதான் என்ற அளவில் அவர் முற்றிலும் சரி. அக்கருத்தை இவ்வூர் வேறு வழியில் ஏற்றுக்கொண்டது. 1926இல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஜி. அறநிலையம் ஒரு தொழிற்கூடத்தையும் நடத்தியது. பம்பும் மோட்டாரும் கடைசல் இயந்திரமும் செய்த அத்தொழிற்கூடத்துடன் இணைந்து 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கிற்று. அங்கு நெடுங்காலம் நடந்துவந்த 'சாண்ட்விச்' படிப்பு ஐந்தாண்டுக் காலம் உடையது. ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காய்கறி வைப்பதுபோல, வகுப்புகளுக்கு நடுவே தொழிற்கூடப் பயிற்சியை வைப்பதால் இப்பெயர். இங்கிலாந்தில் சண்டர்லாண்டு என்னும் கப்பல் கட்டும் ஊரில் 1903இல் இத்தகைய படிப்பு இருந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906இல் தொடங்கியது. நாயுடு இரண்டாண்டாகக் குறைக்கச் சொன்னார். சாண்ட்விச் படிப்பு ஐந்தாண்டாக நீட்டியது. எதிரெதிர்த் திசைகளாகத் தோன்றினாலும், பட்டறையைப் பாடத்துக்குள் கொண்டுவருவதே இரண்டின் நோக்கமும்.

ஆயினும் என் துறையிலிருந்து ஒரு மறுப்பு உண்டு. ஒரு பம்பை நூறு முறை கழற்றிப் பூட்டுங்கள். இம்பெல்லர் வரும், தண்டு வரும், பேரிங் வரும், வாசர் வரும். காற்றழுத்தம் வராது. அது பம்பின் உறுப்பன்று. ஆனால் அதுவே நீரை ஏற்றுகிறது. மோட்டார் சைக்கிளைக் கழற்றியவருக்கு அதன் ஒவ்வோர் உறுப்பும் பாடம் சொன்னது. கழற்றினாலும் தெரியாத உறுப்பு ஒன்று இருக்கிறது என்று சொல்லித் தர ஒரு கேள்வி வேண்டியிருக்கிறது. நாட்டில் விற்கும் பம்புகளில் பெரும் பங்கு கோவையில் உருவாகிறது. பம்பு செய்யும் பட்டறையில் வளர்ந்த பிள்ளைகளும் என் வகுப்பில் ஒற்றை விரலைத்தான் காட்டுகிறார்கள்.

கரும்பலகையும் தனியாக நின்றால் இதே கதிதான். அழுத்தம் என்பது உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கற்பலன் என்று பிழையில்லாமல் எழுதும் மாணவர், அது தம் தோட்டத்து மோட்டாரைப் பற்றிய செய்தி என்று அறியாமலே பட்டம் வாங்கிவிடுகிறார். நம் ஆய்வுக்கூடங்களும் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. அளவீடு என்ன வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அண்ணன்மார் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது கையின் வேலையுமல்ல, தலையின் வேலையுமல்ல.

எந்த மொழியில் வாதிடுவது?

மேலே என் வகுப்பின் இரைச்சலைக் கொங்குத் தமிழிலேயே எழுதிக் காட்டியதற்குக் காரணம் இருக்கிறது. 'பவர் பத்தலைடா' என்று ஒருவன் சொல்கிறபோதுதான் அவன் உள்ளத்தில் திறன், விசை, அழுத்தம் மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பது வெளியே தெரிகிறது. ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் அவன் வாயே திறக்கமாட்டான். குழப்பமும் உள்ளேயே பத்திரமாக இருக்கும்.

கல்லூரியில் தமிழ் என்ற சோதனையும் கோவையில் தொடங்கியதுதான். பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் அவர்கள் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்புப் பாடங்கள் தமிழில் நடத்தப்பட்டன. அறிவியலுக்கு அவ்வாய்ப்பு 1968இல் புகுமுக வகுப்பிலும், 1969இல் பட்ட வகுப்பிலும் வந்தது. அதற்கென்று கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் எழுதப்பட்டன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கிற்று.

அந்நூல்களைப் பழைய நூலகங்களில் நான் விரும்பி எடுத்துப் படிப்பவன். முடுக்கம், உந்தம், நிலைமம் என அவை தந்த சொற்களால்தான் இக்கட்டுரையையே எழுத முடிகிறது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: மொழி மாறியதே தவிர வகுப்பு மாறவில்லை. ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட விரிவுரை தமிழில் சொல்லப்பட்டது. மாணவர் முன்போலவே குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தாய்மொழியின் முழுப் பயனும் ஆசிரியர் தமிழில் பேசுவதால் மட்டும் வந்துவிடாது. மாணவர் தமிழில் மறுத்துப் பேச வேண்டும். இன்று ஆங்கிலவழி வகுப்பிலும் இதைச் செய்யலாம். சூத்திரமும் தேர்வும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பக்கத்து பெஞ்சுக்காரனுடன் போடும் சண்டையாவது சொந்தப் பேச்சில் நடக்கட்டும்.

பாடத்திட்டம் என்னாவது?

ஆசிரியர் நண்பர்கள் உடனே கேட்பது இதைத்தான். ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் போனால் ஐந்து அலகுகளை எப்படி முடிப்பது? நியாயமான கேள்வி. மேசர் தம் மாணவர்களைப் பாடத்தை முன்கூட்டியே படித்து வரச் சொன்னார். வகுப்பில் தகவல் சொல்லும் நேரம் மிச்சமாயிற்று. நம் ஊரில் முன்கூட்டியே படிக்க, தனியாக உட்கார்ந்து படித்தால் புரிகிற தமிழில் நூல் வேண்டும். மொழிப் பேச்சு மறுபடியும் வந்துவிடுகிறது பாருங்கள்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கு உண்டு. பத்தில் மூன்று பேருக்கும் குறைவாகச் சரியான விடை தெரிந்தால், எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் பேச்சு வீணாகும். அங்கே ஆசிரியர்தான் விளக்க வேண்டும். ஏழு பேருக்கு மேல் தெரிந்தால் பேசவே தேவையில்லை. இடைப்பட்ட கேள்விதான் வகுப்பைக் கொதிக்க வைக்கும்.

வேறு நாடுகளில் இதைவிடத் துணிந்தும் செய்திருக்கிறார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969இல் விரிவுரைகளை ஓரங்கட்டி, நோயாளியின் சிக்கலிலிருந்தே பாடத்தைத் தொடங்கியது. 2002இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட ரிபப்ளிக் பாலிடெக்னிக், நாளொன்றுக்கு ஒரு சிக்கல் என்ற முறையைக் கையாண்டது: காலையில் சிக்கலைக் கொடுப்பார்கள், சிறு குழுக்களாகத் தேடி ஆராய்ந்து மாலைக்குள் தம் தீர்வை முன்வைக்க வேண்டும். அத்தனை சிறிய வகுப்புகள் நமக்கு எளிதில் வாய்க்கா. விரல்களைக் காட்டுவதற்கோ செலவே இல்லை.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2019இல் ஹார்வர்டிலேயே இயற்பியல் மாணவர்களை இரு வகையாகப் பிரித்து, ஒரே பாடத்தை ஒரு சாராருக்கு நல்ல விரிவுரையாகவும் மறு சாராருக்குத் தாமே முயன்று கற்கும் வகையிலும் நடத்தினார்கள். தேர்வில் முயன்று கற்றவர்களே கூடுதலாக வாங்கினார்கள். ஆனால் 'நன்றாகக் கற்றோம்' என்று நிறைவாகச் சொன்னவர்கள் விரிவுரை கேட்டவர்கள்! தங்குதடையின்றி ஓடும் பேச்சைக் கேட்கும்போது எல்லாம் புரிவதுபோல் இருக்கும். திணறிக் கற்கும்போது ஒன்றும் புரியாததுபோல் இருக்கும். அந்த உணர்வை நம்பி வகுப்பை எடைபோடாதீர்கள்.

தேர்வுத் தாள் 'வருவி', 'விவரி' என்றே கேட்டுக்கொண்டிருக்கும் வரை மனப்பாடம் செய்யும் மாணவரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் கேட்டதைக் கொடுக்கிறார். இதற்காகக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ மாறும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதும் இல்லை. விடுதி அறையில் மூன்று பேர் கூடினால் போதும். ஒருவர் கேள்வி தேடட்டும், மற்ற இருவரும் விடையைத் தனித்தனியே எழுதிக் கவிழ்த்து வைக்கட்டும், பிறகு வாதம், பிறகு முடிந்தால் சோதனை.

தொடங்குவதற்கு ஒரு கேள்வி தருகிறேன். பவானி ஆற்றிலும் காவிரியிலும் பரிசல் பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஓர் அண்டாவில் முக்கால் பாகம் நீர் நிரப்புங்கள். ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைப் பரிசலாக மிதக்கவிட்டு, அதற்குள் மூழ்காத அளவுக்கு ஒரு கல்லை வையுங்கள். அண்டாவின் உட்புறத்தில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி அந்தக் கல்லைக் கிண்ணத்திலிருந்து எடுத்து, அண்டா நீருக்குள் போட்டுவிடப் போகிறீர்கள். கிண்ணம் தொடர்ந்து மிதக்கும். கல் அடியில் கிடக்கும். நீர்மட்டம்,

1. ஏறும்.
2. இறங்கும்.
3. மாறாது.

விடையை நான் எழுதப் போவதில்லை. முதலில் பக்க ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எண்ணைக் குறித்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவரை வழிக்குக் கொண்டுவரப் பாருங்கள். அதன்பிறகே கல்லைத் தொடலாம். பார்த்து முடித்ததும் கல்லுக்குப் பதில் ஒரு சிறு மரக்கட்டையை வைத்து, இதே கேள்வியை மறுபடியும் கேட்டுக்கொள்ளுங்கள்.